அவர் நரகத்தில் என்றால் எனக்கும் மோட்சம் வேண்டாம்

கேள்வி: சிஸ்டருக்கு வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். சைவக் குடும்பத்தில் பிறந்து, கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். கணவர் பிறவிக் கத்தோலிக்கர். 2009 மார்ச்சில் மாத்தளனில் செல் விழுந்து எங்கள் ஒன்பது வயது மகள் போய்விட்டாள். பங்கருக்குப் பக்கத்தில் அவரே கிடங்கு வெட்டிப் பிள்ளையை வைத்தார். அதற்குப் பிறகு அவர் கோயில் படி மிதிக்கவில்லை. "கடவுள் என்று ஒருவரும் இல்லை. இருந்தாலும் அவரோடு எனக்குக் கதை இல்லை" என்பார். குடிக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, எங்களை நல்லாகப் பார்த்தார். போன வருடம் சிறுநீரக வருத்தத்தில் இறந்தார். கடைசி நேரம் பாதரைக் கூப்பிடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கோயிலுக்கும் கொண்டுபோக வேண்டாம் என்று முதலே சொல்லியிருந்தார். அதனால் பொது மயானத்தில் அடக்கம் செய்தோம். இப்போது ஒரு செபக் கூட்டத்துக்குப் போகும் என் மச்சாள், "விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்" என்ற வசனத்தைக் காட்டி, அவர் நரகத்தில்தான், அவர் முன்குறிக்கப்படாதவர், அதாவது மீட்புக்கென்று கடவுள் முதலே தெரிந்தெடுக்காதவர் என்கிறார். என் அக்கா எல்லாம் தலைவிதி என்கிறார். செட்டிகுளம் முகாமில் செத்த என் அம்மா கடைசிவரை சைவம். அப்போ அவரும் அங்கேயா? மகனும் இப்போது தகப்பன் மாதிரியே கதைக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் சண்டை. இவருக்குக் கல்லறை கட்டப்போகிறோம், சிலுவை வைக்கலாமா? ஒரு நாள் செபமாலை சொல்லும்போது, "அவர் நரகத்தில் என்றால் எனக்கும் மோட்சம் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இது பாவமா? இரவில் நித்திரையே இல்லை.

பதில்:

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். செபமாலைக்கு நடுவே உங்கள் வாயில் வந்த அந்த வார்த்தை பாவம் இல்லை. வேதாகமத்தில் அதே மன்றாட்டைச் சொன்ன இரண்டு பேர் இருக்கிறார்கள். மோசே மலையால் இறங்கி வந்தபோது சனம் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் கடவுளிடம் திரும்பிப் போய்க் கேட்டது இதுதான்: இவர்களை மன்னியும், இல்லையென்றால் நீர் எழுதிய புத்தகத்திலிருந்து என் பெயரையும் அழித்துவிடும். விடுதலைப் பயண நூல் 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். புனித பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 9ஆம் அதிகாரத் தொடக்கத்தில், கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ளாத தன் சொந்தச் சனத்துக்காக, தானே கிறிஸ்துவிடமிருந்து பிரிக்கப்பட்டுச் சாபத்துக்கு உள்ளானாலும் பரவாயில்லை என்கிறார். இந்த இரண்டு பேரும் இப்படிக் கேட்டதைத் திருச்சபை என்றைக்கும் பாவமாக எண்ணியதில்லை. மோசேயின் வாயில் மன்றாட்டாக இருந்தது, துணையை இழந்த ஒரு வன்னிப் பெண்ணின் வாயில் வந்ததும் பாவமாகிவிடுமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். அவரை விட்டுவிட்டு மோட்சத்துக்குப் போக உங்களுக்கு மனம் வரவில்லை. அந்த மனத்தை உங்களுக்குத் தந்தது யார்? உங்களிடம் இருக்கிற இரக்கம் கடவுளிடம் இல்லை என்று வருமானால், படைத்தவரைவிடப் படைக்கப்பட்ட நீங்கள் பெரியவர் என்று ஆகிவிடும். அது நடக்காத காரியம். அவரோடு குடும்பம் நடத்திய உங்களுக்கே அவரைக் கைவிட முடியவில்லை. அவரை உண்டாக்கி, அவருக்காகச் சிலுவையில் தொங்கினவருக்கு எப்படி முடியும்? நான் கீழே எழுதப்போகிற எல்லாவற்றுக்கும் அடி இதுதான்.

சரி, உங்கள் மச்சாள் காட்டிய வசனத்துக்கு வருவோம். அது மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரம், 16ஆம் வசனம். உண்மையான வசனம்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு இரண்டு வசனம் மேலே போய் 14ஆம் வசனத்தை வாசியுங்கள். உயிர்த்த இயேசு பதினொரு சீடர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறார். வந்து அவர்களைக் கடிந்துகொள்கிறார். எதற்காக? அவர்களுடைய அவிசுவாசத்துக்காகவும் இருதயக் கடினத்துக்காகவும். பேதுருவும் யோவானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். அடுத்த வசனத்திலேயே, திட்டு வாங்கின அதே ஆட்களிடம், உலகமெங்கும் போய் நற்செய்தியை அறிவியுங்கள் என்கிறார். ஆக்கினை பற்றிய வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அவிசுவாசத்தோடு இருந்தவர்களைத் தேடி ஆண்டவர் சாப்பாட்டு மேசை வரைக்கும் போனதை விட்டுவிட்டு, கடைசி வரியை மட்டும் பிடுங்கி ஒரு விதவையின் கையில் கொடுப்பது வேதம் சொல்லுவது ஆகாது.

நற்செய்திகளில் இயேசு யாருடைய விசுவாசத்தை வியந்து பாராட்டினார் என்றும் பாருங்கள். ஒருவர் உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர். இன்னொருவர் கானானியப் பெண். இரண்டு பேரும் வேற்றுச் சனம், வேற்றுச் சமயம். அவருடைய கடுமையான பேச்சுகளோ பெரும்பாலும் ஆலயமும் வேதமும் தங்கள் கையில் என்று இருந்தவர்களை நோக்கியே வந்தன. வலிப்பு வந்த பிள்ளையைக் கொண்டுவந்த ஒரு தகப்பனும் மாற்கு 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறார். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அவர் கத்துகிறார். இயேசு அவரிடம் முதலில் உன் விசுவாசத்தைச் சரிப்படுத்து, பிறகு பார்ப்போம் என்று சொல்லவில்லை. பிள்ளையைக் குணமாக்கித் தகப்பன் கையில் கொடுத்தார்.

உங்கள் கணவருக்கு அப்படிப் பிள்ளையைத் திருப்பித் தர ஒருவரும் வரவில்லை. அதைச் சொல்லாமல் தாண்டிப் போவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

2009இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 10ஆம் திகதி வந்தது. மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம் என்று அந்தக் கடற்கரை மணலில், தறப்பாளுக்கும் பங்கருக்கும் நடுவில் சனம் நெருக்கிக்கொண்டு கிடந்த நாட்கள். உங்கள் பிள்ளை போய் ஒன்றரை மாதம்கூட ஆகியிருக்காது. அந்த வருடம் அங்கே கிடந்த ஒரு தகப்பன், கடவுள் எங்கே என்று கேட்டு, பதில் இல்லாமல், பிறகு கேட்பதையே விட்டுவிட்டால், அதைப் பாவப் பட்டியலில் எழுத என்னால் முடியாது. திருச்சபையும் அப்படி எழுதவில்லை. உலகெங்குமிருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் திகதி வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், கடவுள் மறுப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று 19ஆம் பகுதியில் விரிவாகப் பேசுகிறது. உலகத்தில் நடக்கிற தீமையைப் பொறுக்க முடியாமல் எழும் கடும் எதிர்ப்பிலிருந்தும் அது பிறக்கிறது என்கிறது. அதே இடத்தில், இதில் விசுவாசிகளுக்கும் சின்னப் பங்கு இல்லை, கடவுளின் முகத்தைக் காட்ட வேண்டியவர்கள் பல நேரம் அதை மறைத்துவிட்டார்கள் என்றும் சொல்கிறது. நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிற பேச்சும் அந்த முகத்தை மறைக்கிற பேச்சுத்தான்.

யோபுவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் இழந்த மனிதர். அவருடைய நண்பர்கள் வந்து ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவரோடு கூட இருந்தார்கள். நம்முடைய செத்தவீடுகளில் சனம் வந்து இருப்பது போலத்தான், அதுவரை சரி. பிறகு வாயைத் திறந்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், கடவுள் நியாயமானவர், சும்மா தண்டிக்கமாட்டார் என்று கடவுளுக்காக வழக்காடினார்கள். யோபுவோ கடவுளையே எதிர்த்துக் கேட்டார், நான் பிறந்த நாளே அழிந்து போகட்டும் என்றார். கடைசியில் கடவுள் என்ன தீர்ப்புச் சொன்னார்? நண்பர்களைப் பார்த்து, என் ஊழியன் யோபு என்னைப் பற்றிச் சரியானதைப் பேசியதுபோல நீங்கள் பேசவில்லை என்றார். அவர்களுக்காக யோபுதான் மன்றாட வேண்டியிருந்தது. உங்கள் மச்சாளுக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமென்றால், அந்த 42ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம். அவரும் பயத்தில்தான் அப்படிக் கதைக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தக் கடற்கரையால் வந்த ஆட்களில் பலருக்கு, உறுதியாக ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க முடிவதில்லை.

துறவிகள் நாங்கள் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் 88ஆம் திருப்பாடலைச் சொல்லுகிறோம். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் முடிவில் எப்படியாவது ஒரு நன்றியிலோ புகழ்ச்சியிலோ போய்ச் சேரும். இது சேராது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு பாட்டை வேதத்திலிருந்து ஒருவரும் வெட்டி எறியவில்லை, கிழமைதோறும் செபிக்கக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கணவரைப் போன்றவர்களுக்கு இடமில்லாத செபப் புத்தகம் எங்களிடம் இல்லை.

ஆனால் ஒன்று, தங்கச்சி. அவர் மேலுக்குத்தான் அப்படிச் சொன்னார், உள்ளுக்குள் விசுவாசமாகத்தான் இருந்தார் என்று ஆறுதலுக்காக ஒரு கதையைக் கட்ட வேண்டாம். சில இறையியலாளர்கள் நல்லவர்கள் எல்லோரையும் தங்களுக்கே தெரியாத கிறிஸ்தவர்கள் என்று சொல்லப் பார்த்தார்கள். அவர்களுடைய நல்ல நோக்கம் விளங்குகிறது, எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. உங்கள் கணவர் தெளிவாக, திரும்பத் திரும்ப, சாகும் தறுவாயிலும் இல்லை என்றார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டு, அந்த மனிதருக்காகத்தான் நாங்கள் நம்பிக்கை வைக்கிறோம். பாதரைக் கூப்பிடாமல் விட்டதற்கும், கோயிலுக்குக் கொண்டுபோகாததற்கும் உங்களை நீங்கள் குற்றம் சொல்ல வேண்டாம். நீங்கள் கேட்டீர்கள், அவர் பதில் சொன்னார், அந்தச் சொல்லை மதித்தீர்கள். நோயாளிக்குப் பாதர் பூசுகிற எண்ணெயைப் பலவந்தமாகப் பூசியிருந்தால், அது அவருக்கு என்ன செய்திருக்கும்?

அப்படியானால் ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருளடையாளங்கள் இல்லாமல் மீட்பு எப்படி என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி பழையது. கி.பி. 392இல் உரோமைப் பேரரசன் இரண்டாம் வலந்தினியான் இளம் வயதில், ஞானஸ்நானம் பெறாமலே இறந்துபோனான். அவனுடைய சகோதரிகள் உங்களைப் போலவே அழுதார்கள். அடக்கச் சடங்கில் பேசிய மிலான் ஆயர் புனித அம்புரோஸ், அவன் விரும்பிக் கேட்டதை கடவுள் அவனுக்குக் கொடுக்காமல் விடமாட்டார் என்று அவர்களைத் தேற்றினார். உங்கள் கணவர் அந்த அரசனைப் போல விரும்பிக் கேட்டவர் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் 1,600 வருடத்துக்கு முதலே திருச்சபையின் மிகப் பெரிய ஆசிரியர் ஒருவர், தண்ணீர் படவில்லை என்பதற்காகக் கடவுளின் கை கட்டப்பட்டுவிடாது என்று சொல்லிவிட்டார். "திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை" என்ற பழைய வாக்கியத்தைக் கல் எறிவதுபோல எறிந்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் பொஸ்டன் நகரில் லெனார்ட் பீனி என்ற குருவானவர் 1940களில் அப்படித்தான் போதித்தார். 1949இல் உரோமை அவருடைய விளக்கம் பிழை என்று எழுதியது. கூப்பிட்டும் அவர் வராததால் 1953இல் அவரைத் திருச்சபைக்கு வெளியே நிறுத்தியது. பிறகு 1972இல் அவர் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தினவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருந்தது.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 1257ஆம் எண்ணில் இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு இணைத்திருக்கிறார், ஆனால் தாம் அந்த அருளடையாளங்களுக்குள் கட்டுப்பட்டவர் அல்ல. நீங்கள் இரணைமடுவுக்குக் கிட்ட இருப்பவர், உங்களுக்கு விளங்கும். குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியேதான் வயலுக்கு வருகிறது, வாய்க்காலை வெட்டிப் பராமரிக்காமல் விட்டால் விதைப்பு இல்லை. ஆனாலும் குளம் நிரம்பிய வருடத்தில், வாய்க்காலே போகாத வளவுக் கிணற்றிலும் ஊற்று ஏறுகிறதே. ஞானஸ்நானமும் நற்கருணையும் எங்களுக்குக் கிடைத்த வாய்க்கால்கள். அவற்றை நான் உயிராகப் பிடித்திருக்கிறேன். குளம் என்னுடையது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிற தாய்மாரும் வன்னியில் இருக்கிறார்கள். இடம்பெயர்வில் பிறந்து, ஞானஸ்நானம் கொடுக்க முதலே போன கைக்குழந்தைகளின் தாய்மார். அவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு இந்தப் பிள்ளைகளைப் பற்றி விரிவான ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்கள் மீட்கப்படுவார்கள் என்று நம்புவதற்குப் பலமான காரணங்கள் உண்டு என்பதுதான் அதன் முடிவு. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகள் போகுமிடம் என்று பழைய ஆட்கள் சொல்லிப் பயமுறுத்திய, லிம்போ என்ற இருட்டு மூலையைத் திருச்சபை ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை.

முன்குறிப்பும் தலைவிதியும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் அதிகம் கதைக்க ஒன்றும் இல்லை. கி.பி. 529இல் பிரான்சின் ஒறாஞ்ச் நகரில் கூடிய சங்கம், கடவுள் யாரையாவது தீமைக்கென்று முன்குறித்தார் என்று சொல்பவர்களைக் கடுமையாகக் கண்டித்தது. இன்றைய மறைக்கல்வி ஏடும் 1037ஆம் எண்ணில், கடவுள் எவரையும் நரகத்துக்கென்று முன்குறிப்பதில்லை என்கிறது. உங்கள் அக்கா சொல்லும் தலைவிதியும் அவருடைய வாயில் ஓர் ஆறுதல் வார்த்தையாகத்தான் வருகிறது, அவரோடு வாதாடத் தேவையில்லை. ஆனால் உங்கள் மகளைக் கொன்றது அவளுடைய தலையில் எழுதியிருந்த எழுத்து இல்லை. மனிதர் செய்து, மனிதர் ஏற்றி, மனிதர் ஏவிய செல் அது. அதைக் கடவுளின் எழுத்து என்று சொன்னால், உங்கள் கணவர் மறுத்த அந்தக் கடவுளை நானும் மறுக்கத்தான் வேண்டும்.

இனிக் கஷ்டமான இடம். நரகமே இல்லை என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். தெரிந்துகொண்டு, கடைசிவரை, அன்பை வேண்டாம் என்று தள்ளிவிட மனிதனால் முடியும் என்று திருச்சபை போதிக்கிறது. நான் அதை ஏற்கிறேன். கடைசியில் எல்லோரும் மீட்கப்பட்டே தீருவார்கள் என்று அடித்துச் சொல்லவும் எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் இன்னாருக்குப் புனிதர் பட்டம் என்று அறிவிக்கிற திருச்சபை, இன்னார் நரகத்தில் என்று இதுவரை ஒருவரையும் அறிவித்ததில்லை, யூதாசைக்கூட. உங்கள் மச்சாள் எடுத்துக்கொண்டது பாப்பரசருக்கே இல்லாத அதிகாரம். "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும், சத்தியத்தை அறிகிற அறிவை அடையவும், அவர் சித்தமுள்ளவராயிருக்கிறார்" என்று திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருக்கிறது. கடவுள் விரும்புகிறதை நாங்கள் விரும்பலாம், அதற்காக மன்றாடலாம். உண்மையில் அது எங்கள் கடமை. செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிக்குப் பிறகும், எல்லோரையும் விண்ணுலகப் பாதையில் நடத்தும், உமது இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு விசேடமாக உதவும் என்று கேட்கிறோமே. அந்த "எல்லோரையும்" என்பதற்குள் உங்கள் கணவர் இல்லையா?

இப்படிச் சொன்னதும் உங்களுக்குள் ஒரு கேள்வி எழும்பும். அப்போ அந்தச் செல்லை அடிக்கச் சொன்னவனுக்கும் மோட்சமா? எனக்கும் எழும்புகிற கேள்விதான். பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் 2007 நவம்பரில் நம்பிக்கை பற்றி எழுதிய சுற்றுமடலில் இதை நேராக எடுத்துப் பேசுகிறார். அருள் என்பது நியாயத்தைத் துடைத்துவிடுகிற பஞ்சு இல்லை, கடைசியில் அக்கிரமம் செய்தவர்கள், ஒன்றுமே நடக்காதது போல, தங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் விருந்தில் உட்காரப் போவதில்லை என்கிறார். அந்த ஆள் தான் செய்ததை முழுவதுமாகப் பார்க்காமல், உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பார்வையில் எரிந்து மாறாமல் தாண்டிப் போக வழியில்லை. காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் இருந்த தாய்மார் கேட்டது நியாயம். அந்த நியாயத்தை விட்டுக்கொடுத்துத்தான் கிறிஸ்தவ நம்பிக்கை வாங்க வேண்டும் என்றால், நான் அதை உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

உங்கள் அம்மாவின் விடயத்தில் எனக்குப் பெரிய கலக்கம் இல்லை. 1964 நவம்பர் 21ஆம் திகதி வெளிவந்த, திருச்சபை பற்றிய வத்திக்கான் சங்க ஏட்டின் 16ஆம் பகுதி, தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர்கள், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டிய வழியில் நடந்தால் அவர்களும் நிலைவாழ்வை அடைய முடியும் என்கிறது. வற்றாப்பளையில் பொங்கலுக்கும் போய், மடு மாதா திருவிழாவுக்கும் போகிற சைவத் தாய்மாரை நாங்கள் காலம் காலமாகப் பார்த்து வருகிறோம். முகாமில் கடைசி மூச்சு விட்ட அந்த அம்மாவுக்காகச் செபியுங்கள். உங்களுக்காக அவரும் மன்றாடுவார் என்றே நம்புங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. பங்குத்தந்தையிடம் போய் கணவர், அம்மா இரண்டு பேருடைய பெயரையும் சொல்லிப் பூசைக்குக் கொடுங்கள். உயிரோடு இருக்கிற, இறந்த எவருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கக் குருவானவருக்கு உரிமை உண்டு என்று திருச்சபைச் சட்டம் 901ஆம் விதி சொல்கிறது. விசுவாசிகளுக்கு மட்டும் என்று அதில் இல்லை. யாராவது தயங்கினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். பூசையில் நான்காவது நற்கருணை மன்றாட்டு என்று ஒன்று உண்டு, அதில் இறந்தவர்களை நினைக்கிற இடத்தில், யாருடைய விசுவாசத்தை நீர் ஒருவரே அறிந்திருக்கிறீரோ அவர்களையும் நினைத்தருளும் என்று வரும். பாதரிடம் அந்த மன்றாட்டையே சொல்லும்படி கேட்கலாம். இறந்தவர்களை நினைக்கிற நவம்பர் 2ஆம் திகதி சனம் சேமக்காலைக்குப் போகும்போது, நீங்கள் பொது மயானத்துக்கு ஒரு மெழுகுதிரியைக் கொண்டுபோங்கள். அங்கே செபிக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உளவளத்துணை செய்கிறவள் என்ற முறையில் அதை நான் சும்மா விடமாட்டேன். மகளுக்காக அழ அந்த நேரம் இடமே இருக்கவில்லை. இப்போது கணவரின் சாவோடு அதுவும் சேர்ந்து வருகிறது. கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போய் ஒரு வைத்தியரோடு கதையுங்கள். இரவில் மனம் தாங்காமல் போனால், சாக வேண்டும் போல ஓர் எண்ணம் தலை காட்டினால், 1926 என்ற இலக்கத்துக்கு உடனே எடுங்கள், அது உளநலத்துக்கான தேசிய இலக்கம். செபமாலையும் சொல்லுங்கள், மருந்து தந்தால் மருந்தையும் எடுங்கள். விசுவாசக் குறைவுக்கு யாரும் மருந்து எழுதுவதில்லை, இது வருத்தம், வருத்தத்துக்குத்தான் மருந்து.

மகனோடு ஞாயிற்றுக்கிழமைச் சண்டையை நிறுத்திவிடுங்கள். விசுவாசம் கட்டாயப்படுத்தி வராது, வரவும் கூடாது. சமயச் சுதந்திரம் பற்றிய சங்க ஏடும் 1965இல் இதைத்தான் சொன்னது. அக்கா செத்தபோது அவனும் அந்தப் பங்கருக்குள் ஒரு சின்னப் பிள்ளையாக இருந்திருப்பான். தகப்பன் கிடங்கு வெட்டியதையும் பார்த்திருப்பான். இப்போது அப்பா நரகத்தில் என்று பெரியவர்கள் கதைப்பதையும் கேட்கிறான். அந்தப் பேச்சு நடமாடுகிற வீட்டிலிருந்து அவன் கோயிலுக்கு வரவில்லை என்றால், நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். தகப்பனைக் காட்டிக்கொடுத்துத்தான் கடவுளிடம் போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. அப்பாவை நான் கடவுளிடம் ஒப்படைத்திருக்கிறேன், அவர் நரகத்தில் என்று நான் நம்பவில்லை என்று ஒருமுறை அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மச்சாள் இருக்கும்போதே சொன்னால் இன்னும் நல்லது.

குழந்தை இயேசுவின் புனித திரேசாவை உங்களுக்குத் தெரியும். 1896 உயிர்த்த ஞாயிறு காலத்திலிருந்து, 1897 செப்டெம்பரில் 24 வயதில் சாகும்வரை, மோட்சம் இருக்கிறது என்ற உணர்வே அவருக்கு அற்றுப்போயிருந்தது. அந்த நாட்களில் அவர், விசுவாசமில்லாதவர்கள் சாப்பிடுகிற கசப்பான மேசையில் தானும் உட்கார்ந்திருப்பதாகவும், அவர்களைத் தன் சகோதரர் என்று சொல்லி, கடவுள் எழுப்பும்வரை அந்த மேசையை விட்டு எழும்பத் தனக்கு விருப்பமில்லை என்றும் எழுதினார். உங்கள் வீட்டில் அந்த மேசை உண்மையிலேயே இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, மகனோடு அதில் இருந்து சாப்பிடுங்கள். கோயில் கதையை நீங்களாக எடுக்க வேண்டாம். அவன் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

கல்லறைக்கு வருவோம். சிலுவை வைக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். உயிரோடு இருந்தபோது மதித்த சொல்லை, செத்த பிறகு மீற வேண்டாம். சிலுவை இல்லாத கல்லின் கீழே இருப்பவரைக் கடவுளுக்கு அடையாளம் தெரியாமல் போகாது. உங்கள் கழுத்தில் இருக்கிற சிலுவையோடு நீங்கள் அங்கே போய் நிற்பீர்கள், அது போதும். சிலுவை இருக்கும் இடத்தில் உங்கள் மகளின் பெயரை எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாத்தளன் மணலில் அவளை வைத்த இடத்துக்கு அடையாளம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். தகப்பனின் கல்லில் அவளுடைய பெயரும் பிறந்த திகதியும் இறந்த திகதியும் இருக்கட்டும். வேறு என்ன எழுதுவது என்று மகனைக் கேளுங்கள், அவன் சொல்லுகிற வார்த்தை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் மேசனிடம் கொடுக்க முதல் ஒருதரம் அவனோடு இருந்து கதையுங்கள். கல் நாட்டுகிற அன்றைக்குப் பாதர் ஒருவர் சும்மா ஒரு சொந்தக்காரரைப் போல வந்து நிற்பதில் மகனுக்குச் சம்மதம் என்றால், எனக்கு எழுதுங்கள், நான் ஒருவரைக் கேட்டுப் பார்க்கிறேன். சம்மதம் இல்லையென்றால் நான் மட்டும் வருகிறேன்.